பைலில் இருக்கும் புளியமரம்

ஜவ்வாது மலை,
பிப்ரவரி 9.

மதிப்பிற்குரிய மணிவேல் அண்ணனுக்கு, உங்கள் நண்பர் சக்கரவர்த்தியின் மனைவி தேவயானி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே இந்த வருடம் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

இதை உங்கள் பட்டாளத்து முகவரிக்கு அனுப்பவில்லை. வேறு யாராவது பிரித்துப் படித்தால் உங்களுக்குத் தொல்லை. பதினெட்டாம் தேதி நீங்கள் லீவில் வருவதாகக் கேள்விப்பட்டேன். நாளை செங்கம் சந்தைக்குப் புளி கொண்டுபோகும்போது கவரை ஒட்டி உங்கள் வீட்டில் ரம்யா அண்ணியிடம் கொடுத்துவிட்டு வருவேன். நான் எழுதுவது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அவருடைய இரண்டாவது மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. கார்த்திகையில் தபால் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் போளூரில் வக்கீல் பார்த்திபனிடம் எடுத்துப்போனோம். தோள்மூட்டு கெட்டது உண்மைதான், ஆனால் பட்டாளத்து வேலையால் கெடவில்லை, லீவில் ஊருக்கு வந்தபோது புளியமரத்தில் இருந்து விழுந்ததாக இவரே டாக்டரிடம் சொன்னது பைலில் இருக்கிறது, அதனால் ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது என்று எழுதியிருக்கிறார்களாம்.

எங்கள் கல்யாணம் அவர் பட்டாளத்தை விட்டு வந்த பிறகுதான் நடந்தது. பனியில் வழுக்கியது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். 'எந்த மரத்துல இருந்து வுழுந்தீங்க?' என்று வக்கீல் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மலைக்குத் திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

பனிமலையில் டூட்டியில் இருந்தபோது உங்கள் இருவரையும் மண்ணெண்ணெய் கேன் எடுத்துவர அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு ரம்யா அண்ணிக்கு இடுப்புவலி எடுத்திருக்கிறது. மேட்டில் ஏறினால் போன் கிடைக்கும், ஆனால் அங்கே போக அனுமதி இல்லை. நீங்கள் ஏறியிருக்கிறீர்கள், இவரும் கூடவே வந்திருக்கிறார். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று கேட்டுவிட்டு இறங்கும்போது நீங்கள் சறுக்கிவிட்டீர்கள். இவர் பனியில் குப்புறப் படுத்து உங்கள் கையைப் பிடித்திருக்கிறார். நீங்கள் காலூன்றி மேலே வரும் வரை விடவில்லை. அதற்குள் தோள் கழன்றுவிட்டது. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு தண்டனை இருந்ததாம். இதையும் சொன்னால் உங்கள் வேலை போய்விடும் என்றுதான் டாக்டரிடம் ஊர்ப் புளியமரத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாராம்.

சரியாகவில்லை. ஒன்பது வருட சர்வீஸோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததா?

தெரியாதது ஒன்றிரண்டு இருக்கலாம். இது புளி உலுக்குகிற மாதம். மற்ற ஆண்கள் மரத்தின் மேல் நிற்கிறார்கள். இவர் கீழே பெண்களோடு உட்கார்ந்து இடது கையால் பொறுக்குகிறார். போன வருடம் போளூரில் ஒரு மண்டியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நான்காம் நாள் ஷட்டரைத் தூக்கும்போது தோள் இறங்கிவிட்டது, அனுப்பிவிட்டார்கள். இப்போது சட்டை மாட்டினாலே கழன்றுவிடுகிறது. அவரைத் தரையில் படுக்கவைத்து, அக்குளில் என் குதிகாலை முட்டுக் கொடுத்து, கையை இழுத்து மூட்டை ஏற்ற நானே பழகிக்கொண்டேன். ஏறும்போது ஒரு சத்தம் வரும். அவரிடமிருந்து ஒரு சத்தமும் வராது.

மறுபடி வக்கீலிடம் போனபோது, மண்ணெண்ணெய் எடுக்கப் போன இடத்தில் தோள் கழன்றதை மட்டும் இவர் சொன்னார். மேலே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார் வக்கீல். மண்ணெண்ணெய் எடுக்கப் போனது பட்டாளத்து வேலைதான், கூட இருந்தவர் ஒருவர் நடந்ததைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. யார் கூட இருந்தது என்று கேட்டதற்கு இவர், 'யாருமே இல்லீங்க சார்' என்றார். வெளியே வந்து நான் சத்தம் போட்டேன். 'அவன் ரிடையர் ஆவ இன்னும் ரெண்டு வருசம் கீது. இப்ப போய் அவன் பேர இஸ்து வுடச் சொல்றியா? வுடு தேவயானி' என்றார்.

போன செவ்வாய்க்கிழமை என்னிடம் சொல்லாமல் போளூர் போய், கேஸே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வக்கீல்தான் போன் செய்து சொன்னார். மனசு மாறினால் சொல்லுங்கள், இந்த மாதக் கடைசி வரை அந்தத் தாளை என்னிடமே வைத்திருக்கிறேன் என்றார்.

அண்ணா, எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. மறைக்கவில்லை. போன ஆடியில் செங்கம் வரை வந்தீர்கள், மலை ஏறி வரவில்லை. அதற்குப் பிறகு போனும் எடுப்பதில்லை. அவர் எத்தனை முறை அடித்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், 'டூட்டில இருப்பான்' என்கிறார். ஆறு மாதமாக இதையேதான் சொல்கிறார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு அவர் சண்டை போடுவதில்லை. கூப்பிட்டால் சாப்பிட வருகிறார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டாளத்துக் கம்பளியையும் பூட்ஸையும் பக்கத்து வீட்டுக் குப்பனுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பளியை என்னைக்கூடத் தொடவிட மாட்டார். தக்காளிக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து டப்பாவை நான் என் ஓரகத்தி மாதம்மாள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில், 'மருந்து டப்பா எங்க?' என்று கேட்டார். தீர்ந்துபோச்சு என்றேன். இந்த வருடம் நாங்கள் தக்காளி போடவே இல்லை, அண்ணா.

உங்களைச் சாட்சி சொல்லச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. உங்கள் மகள் சுவேதா நன்றாகப் படிக்கட்டும், தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் நூறு வயது இருக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். வக்கீலின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம்.

ஆனால் இந்த லீவில் ஒரு முறை மேலே வந்துவிட்டுப் போங்கள். போளூரில் இருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கேஸைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் எதிரில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உங்களைப் பார்த்து அவர் நாலு வார்த்தை திட்டட்டும். வராவிட்டாலும் அவர் உங்கள் மேல் கோபப்பட மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதியில் இருந்து பஸ் வரும் நேரமெல்லாம் பார்த்திருப்பேன்.

உங்கள் தங்கை என்று நினைத்து மன்னிக்கவும்,
ச. தேவயானி