பத்து நிமிடமே செல்லும்

மார்ச் 2

அன்புள்ள என்ஜினியர் சாருக்கு,

நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று, சொல்ல வந்ததை விட்டுவிட்டு "குடை எடுத்தாச்சா?" என்று கேட்டேன். "என்ஜின் ரூம்ல மழையா பெய்யுது?" என்று சிரித்தீர்கள். சொல்ல வந்தது இது: பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புத் துறை வேலைக்கு உங்களைக் கேட்காமலே விண்ணப்பித்திருந்தேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. கிடைத்துவிட்டது. இரண்டு வருடம், வேறு ஊர்.

மெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் ஃபோன் கைநழுவிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய்விட்டது. புது ஃபோன் மெயிலுக்குப் பாஸ்வேர்டு கேட்கிறது. முன்பெல்லாம் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். "திருடனுக்கு விருந்து வைக்கிறியா?" என்று அழித்துவிட்டு, ஃபோனே உருவாக்கிய நீளமான ஒன்றைப் போட்டுக் கொடுத்தீர்கள். "நீ ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேணாம்." நானும் வைத்துக்கொள்ளவில்லை. 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தினால் ஓடிபி உங்கள் நம்பருக்குப் போகிறது. அது பத்து நிமிடமே செல்லும். நீங்களோ நடுக்கடலில்.

துறை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். "லிங்க் உங்க மெயில்லதான் இருக்கு மேடம். அதை அழுத்திச் சம்மதம் சொன்னாதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கும்."

"வேற மெயிலுக்கு அனுப்பலாமே?"

"அது நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சம்மதம் சொல்ல 31ஆம் தேதிதான் கடைசி.

கப்பலின் பொது மெயிலுக்கு எழுதினால் கேப்டன் முதல் சமையல்காரர் வரை படிப்பார்கள். அதனால்தான் கம்பெனித் தபால் பையில் இது.

உங்கள்,
பிழைதிருத்தி

மார்ச் 11, துறைமுகத்திலிருந்து

என் பிழைதிருத்திக்கு,

கரையில் ஃபோனை ஆன் செய்ததும் உன் ஓடிபிக்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றுக்கும் உயிர் இல்லை. "என்ன சார், பேங்கையே வாங்கிட்டீங்களா?" என்றார் எங்கள் எலெக்ட்ரீஷியன். தபால் பை வந்தது கப்பல் கிளம்பும் நேரத்தில். படித்ததும் உன்னை நாலு தடவை கூப்பிட்டேன். புரூஃப் பார்க்கும்போது ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவாயே, மறந்துபோனேன். கம்பெனியின் துறைமுக ஏஜென்ட் கீழே இறங்கக் காத்திருக்கிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

24ஆம் தேதி அடுத்த துறைமுகம். உன் ஊர் நேரம் மாலை ஐந்துக்கு ஃபோனும் கையுமாக நிற்பேன். நீ அழுத்து. வந்த நொடியே சொல்லிவிடுகிறேன்.

உன்,
என்ஜினியர்

மார்ச் 17

அன்புள்ள என்ஜினியர் சாருக்கு,

நாலு அழைப்பையும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, திரும்பக் கூப்பிட்டேன். போய்விட்டிருந்தீர்கள்.

அச்சகத்தில் என் கதைதான் இப்போது பேச்சு. முதலாளி தன் பாஸ்வேர்டைக் கால்குலேட்டருக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்பதால் எங்களைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். டைப் செய்யும் அக்கா எல்லாவற்றுக்கும் மாமியார் பேரையே வைத்திருக்கிறாள். "ஜென்மத்துக்கும் மறக்கிற பேரா அது?" என்கிறாள். தன் பூட்டுக்கே இன்னொருவரிடம் சாவி கேட்டு நிற்பவள் நான் ஒருத்திதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விடுமுறைக்கு வரும்போது வீடு பூட்டியிருக்கும். 'நான் வர்றப்போ வீட்ல விளக்கு எரியணும்' என்பதைத் தவிர நீங்கள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. அது எனக்கு மறக்கவில்லை. சாவியைக் கீழ்வீட்டு அத்தையிடம் கொடுத்து வைக்கிறேன். வாரக் கடைசிகளில் ஓடி வந்துவிடுவேன்.

24, மாலை ஐந்து. முதலாளியிடம் அனுமதி கேட்டாகிவிட்டது.

உங்கள்,
பிழைதிருத்தி

மார்ச் 24, துறைமுகத்திலிருந்து

என் பிழைதிருத்திக்கு,

இன்று ஃபோனில் "ஒண்ணும் வரலையே" என்றேன். "இருங்க, மறுபடி அழுத்தறேன்" என்றாய். மறுபடியும் வரவில்லை என்றேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு, மெயில் ஒரு நாள் கழித்து முயற்சி செய்யச் சொல்லிப் பூட்டிக்கொண்டுவிட்டது. நீ கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்லைங்க, நெட்வொர்க் அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாய்.

மூன்றும் வந்தன.

ஏஜென்ட் கொடுத்த உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார்த்தேன். இருட்டு வீட்டுப் படியில் பெட்டியோடு நிற்கிற மாதிரியே இருந்தது. சொல்லக் கூடாது என்று நான் முடிவு எடுக்கவில்லை. இதோ சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று வாய் வராமலே நேரம் போய்விட்டது. நாளை காலை கப்பல் கிளம்புகிறது. ஏப்ரல் வரைக்கும் கரை இல்லை.

திட்டியாவது எழுது.

உன்,
என்ஜினியர்

மே 4

என்ஜினியருக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் செய்ததைவிட, அந்த மாலை உங்களுக்கே ஆறுதல் சொன்னேனே, அதுதான் உறுத்துகிறது. நெட்வொர்க் என்று நம்பித்தான் சொன்னேன்.

மார்ச் 31ஆம் தேதி துறை அலுவலகத்தில் நேரிலேயே போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் நல்லவள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கதான்னு எனக்குத் தெரியுது மேடம். இதுக்குத் தெரியணுமே" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். அந்த வேலை பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டது.

புது மெயில் தொடங்கியிருக்கிறேன், என் நம்பரில். பாஸ்வேர்டை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நம் வீட்டு அலமாரி இல்லை. அச்சகத்துக்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்து, ஒன்றாம் தேதி குடிவந்துவிட்டேன்.

சாவி கீழ்வீட்டு அத்தையிடம் இருக்கிறது. ஹால் விளக்கை அணைக்காமல் வந்திருக்கிறேன்.

பிழைதிருத்தி