அளவு நோட்டு போன பிறகு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. சிரிப்பை மட்டும் குறைக்கவில்லை. முதுகுவலிக்குக் களிம்பு தடவுகிறீர்களா, இல்லை டப்பாவைத் திறக்காமலே வைத்திருக்கிறீர்களா?

தையல் கடையை இந்த மாதத்தோடு மூடிவிட்டு, இடத்தை உங்கள் தம்பியின் செல்போன் கடைக்குக் கொடு என்று எழுதியிருந்தீர்கள். அளவு நோட்டே போன பிறகு எதை வைத்துத் தைப்பாய் என்றும் கேட்டிருந்தீர்கள். அது எப்படிப் போனது என்று உங்கள் தம்பி சொன்னாரா? நான் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, கடையைப் பெருக்கித் தருகிறேன் என்று சாவி வாங்கிப் போய், பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார். கேட்டால், தெரியாமப் போட்டுட்டேன் அண்ணி என்று தலையைச் சொறிகிறார். தெரியாமல் போட்டவர் அதே வாரம் அலமாரி அடிக்க என் கடைச் சுவரை அளந்தது ஏன்? எட்டு வருட அளவுகள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

அழுதுகொண்டா உட்கார முடியும்? ஞாபகத்தை நம்பி டீச்சரம்மாவின் சட்டையைத் தைத்தேன். போட்டுப் பார்த்தவர், கையைத் தூக்க முடியாமல் கண்ணாடி முன் சிலையாக நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உன் ஞாபகம் சரிதாம்மா, நான்தான் மூணு வருஷத்துல ஊதிட்டேன் என்று சிரித்தார்.

எனக்குப் பொறி தட்டியது. மறுநாளே வாசலில் அட்டை தொங்கவிட்டேன்: 'உடம்பு மாறியிருக்கும். வந்து புது அளவு கொடுங்கள்.' கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்கா, எல்லாரும் உன்னை அடிக்கத்தான் வரப்போறாங்க என்றாள். வந்தார்கள்தான். இளைத்தவள் பெருமைக்கு வந்தாள், பெருத்தவள் கூட்டம் குறைந்ததும் வந்தாள். ஒருத்தியும் வெறுங்கையோடு வரவில்லை. அளவெடுக்க வந்தவள் துணியும் கொண்டுவந்தாள். வெட்டுமேசையில் இப்போது கத்தரி வைக்க இடமில்லை.

ஆகவே கடையை மூட மாட்டேன். வாடகை ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்கு என் கையெழுத்திலேயே புதுப்பித்துவிட்டேன். தம்பிக்கு வேறு இடம் பாருங்கள்; அவர் கடைக்குத் திரைச்சீலை நானே தைத்துத் தருகிறேன். சாவியை மட்டும் இனி கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள்.

இன்னொன்று. அந்த நோட்டின் முதல் பக்கம் உங்கள் அளவு, கடை திறந்த அன்று எடுத்தது. அதுவும் போய்விட்டது. யாருக்கு வேண்டுமானாலும் ஞாபகத்தில் தைத்துவிடுவேன், உங்களுக்கு முடியாது. நீங்கள் வெளியூர் வேலைக்குப் போன இந்த நாலு வருடத்தில் தோள் எப்படி ஆகியிருக்கிறதோ. அளவை எழுதி அனுப்பாதீர்கள். நேரில் வாருங்கள், நேராகக் கடைக்கே வாருங்கள். திறந்திருக்கும்.

நல்லபடியாக இருங்கள்.

உங்கள் மனைவி,
தையல் கடைக்காரி