இரவல் கை

1980 பெப்ரவரி 5, செவ்வாய்

மழை விட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வெள்ளை உடுப்பு இரண்டும் ஒரே வெயிலில் காய்ந்தன. செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

கம்பனி வேலைக்குப் புது வீடு தந்திருக்கிறது. கம்பனி என்று எழுதும்போதே சிரிப்பு. பார்மசிக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, பிறசர் பார்க்கும் பெட்டி, என்னோடு நாலு பெண்கள். ஆனால் வாசலில் பலகை இருக்கிறது: வீட்டுப் பராமரிப்புச் சேவை. நடத்துவது பெரிய மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து பென்சன் எடுத்தவர். நோயாளிகளைக் குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, மருந்து கொடுக்க எங்களை வீடு வீடாக அனுப்புகிறார். ஆண்பிள்ளைகள் கட்டார், சவூதி என்று போய்விட்ட வீடுகள்தான் கூட.

மிஸ்ஸி இன்றும் அதே பாட்டு. "ஸித்தி, அந்த ஊட்டுச் சோத்தில கை வெக்கப்படா. உன்ட பார்சலை நீ தின்னு. நோயாளியோட உக்காந்து திண்டா மறுகா நீ அந்த ஊட்டு ஆளாப் போயிருவாய்."

ஓம் மிஸ்ஸி என்றேன். ஓம் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

6, புதன்

வீடு பள்ளிவாசல் ரோட்டில். பெரிய கல்வீடு. நோயாளி ஹலீமா மாமி, மௌத்தாகிப் போன நிலக்காரப் போடியாரின் மனைவி. ஐம்பத்தெட்டு வயது. பாரிசவாதம் வலது பக்கத்தை இழுத்துவிட்டது. கால் கொஞ்சம் ஊன்றும், கை அசையாது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"இவள்தானா கம்பனிக்காரி? காத்தடிச்சாப் பறந்திருவாள் போல இரிக்கி. என்னை எப்பிடித் தூக்குவாள்?"

தூக்கினேன். குளிப்பாட்டினேன். எண்ணெய் வைத்துத் தலை பின்னினேன். "கை பதமா இரிக்கி" என்றார். உச்சி குளிர்ந்துபோனது எனக்கு.

பகல் சோற்றில்தான் பிடிவாதம். வலது கை இல்லை. இடது கையால் தின்னமாட்டார். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டார். மகள் பரீதா டீச்சர் சொன்னது: "பள்ளிவாசல் லெப்பையும் வந்து சொன்ன. ஏலாத ஆக்கள் இடது கையால தின்னலாம், குத்தமில்லையெண்டு." மாமி உடனே, "லெப்பைட கை சுகமாத்தானே இரிக்கி. அவரு சொல்லுவாரு."

குடிப்பது மட்டும் நடக்கிறது. கோப்பையை அசையாத வலது கையின் மேல் வைத்து, இடது கையால் அணைத்துத் தூக்குகிறார். தேத்தண்ணி, கஞ்சி, அவ்வளவுதான். நோன்பு மாதமும் இல்லை, மனிசி நோன்பு பிடிக்கிறா.

8, வெள்ளி

ஆடு குட்டி போட்டது. இரண்டும் கிடாய்.

இன்றும் சோறு திரும்பிப் போனது. டீச்சர் தானே பிசைந்து, "உம்மா, ஒரு வாய்" என்று நீட்டினார். மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளாமை வெட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் அள்ளி வெச்ச கை இது. இனி நான் பெத்த புள்ளைட கையைப் பாத்து வாயைத் திறக்கவா?"

டீச்சர் குசினிக்குள் போய் அழுதார். நான் சட்டி கழுவுகிற சாட்டில் பக்கத்தில் நின்றேன். பிறகு என் பார்சலைப் பிரித்தேன். கத்தரிக்காய்ப் பொரியல். அந்த வீட்டில் அன்று தின்ற ஒரே ஆள் நான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுக்கத் தின்றேன்.

10, ஞாயிறு

மிஸ்ஸியிடம் சொன்னேன். வந்து பார்த்தார். மாமியின் கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வெளியே வந்து மெல்லச் சொன்னார்: "வாற கிழமையும் இப்பிடியெண்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மூக்கால குழாய் போட்டுத்தான் சாப்பாடு."

மாமிக்குக் காது நல்ல காது. மிஸ்ஸி போனதும், "மூக்காலயா? யானைக்கா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, கண் கூரையைப் பார்த்தபடி கிடந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மனிசியை எனக்குப் பிடித்துவிட்டது.

12, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது. விளக்கில் எண்ணெய்தான் இல்லை.

இன்று போடியாரின் வருசக் கத்தம், அவர் இறந்த நாள். ஓதி முடிந்து சாப்பாடு. நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய்ப் பாற்கறி, வட்டிலப்பம். ஆண்கள் முன் விறாந்தையில், பெண்கள் உள் மண்டபத்தில், பாய் விரித்து, கூடித் தின்னும் பெரிய தட்டான சஹன் வைத்தார்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். மாமியைச் சுவரோரம் மெத்தையில் சாய்த்து வைத்திருந்தோம், பார்க்கட்டும் என்று.

கடைசி சஹனுக்கு நாலு பேர்தான். நாலு பெண்களும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆள் நிறையாமல் யாரும் கை வைக்கமாட்டார்களே. பரீதா டீச்சர் பரிமாறுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. மாமி கவனித்தார்.

"என்னகா பாத்துக்கு நிக்கிறீங்க? என்ட ஊட்டில சஹன் குறையாவா கிடக்கிற? இறக்குங்க என்னை. ஸித்தி, நீயும் வா."

மிஸ்ஸியின் பாட்டு காதில் கேட்டது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன், மாமியின் வலது பக்கம். கோழியைப் பிய்த்து ஆளுக்கு ஆள் பங்கு வைப்பது மூத்தவர் வேலை. எல்லாரும் மாமியைப் பார்க்க, மாமி என்னைப் பார்த்தார். பிய்த்தேன்.

"கோழி பிய்க்கிறியா, கயிறு திரிக்கிறியா?"

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். என்ன பிடி! என் கையைத் தன் கை மாதிரி நடத்தினார். இங்கே கிள்ளு, அங்கே வை, தோலை எடு, இவளுக்கு ஈரல் பிடிக்கும். எல்லாருக்கும் பங்கு வைத்து முடிந்தது. பிடியை விடவில்லை. என் விரலாலேயே தன் பக்கத்துச் சோற்றைக் கிள்ளவைத்து, கையை இழுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

எதிரில் இருந்த பெண் குனிந்தபடியே, "ஆணத்துக்கு உப்புக் காணுமா மாமி?" என்றாள், அன்றாடம் கேட்கிற மாதிரி. அவளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

"கொஞ்சம் கூட" என்றார் மாமி. அடுத்த வாய். அதற்கடுத்த வாய்.

நான் ஊட்டவில்லை. அவர் என் கையால் தின்றார். இடது கை சோற்றில் படவே இல்லை. என்ட றப்பே, இது எனக்குத் தோன்றவில்லையே!

டீச்சர் கதவடியில் வட்டிலப்பத் தட்டோடு நின்றார். அவர் முகத்தைத்தான் மறக்க முடியவில்லை. சந்தோசம்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

14, வியாழன்

மாமியின் உத்தரவு: இனித் தினமும் சஹன். தனித் தட்டில் போட்டால் நோயாளிச் சாப்பாடாம். "இரவல் கையெண்டாலும் என்ட வாய்க்கு வாற கை. நகத்தை ஒட்ட வெட்டு" என்றார். வெட்டினேன். சோப்பு, தேசிக்காய், மறுபடி சோப்பு. "நீயும் தின்னு. கை வேலை செய்யிது, வாய் சும்மா இரிக்கிறதா?"

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி உள்ளே வந்தார். எனக்கு வாயில் சோறு. விழுங்கவும் முடியவில்லை.

"இவள் தின்னல்ல மிஸ்ஸி. நான்தான் இவள்ட கையால தின்னுறன்" என்றார் மாமி. என் கன்னம் உப்பியிருந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மிஸ்ஸி பிறசர் பார்த்தார். குழாய்க் கதையே எடுக்கவில்லை. போகும்போது படியில் நின்று, "இனிப் பார்சல் கொண்டு போகாத. சோறு பழுதாப் போகும்" என்றார்.

16, சனி

நல்ல நாள். மாமி இரண்டு தரம் சோறு கேட்டார். செருப்பு தைத்து வந்தது.

ஆனால் டீச்சர். தினமும் கதவடியில் நிற்கிறார், நாங்கள் தின்று முடிக்கும்வரை. இன்று கேட்டார்: "ராத்தா, உங்கட கையில அப்பிடி என்ன இரிக்கி?" பொறாமை இல்லை, பாவம். பெற்ற உம்மாவுக்கு ஒரு வாய் கொடுக்க ஆசை. என் கையில் ஒன்றும் இல்லை, நான் பிறத்தியாள், அதுதான் என்றேன். மகளுக்கு முன்னால்தான் மாமிக்கு ரோசம்.

வாங்க: பஞ்சு, பவுடர், பண்டேஜ் சுருள் ஒன்று. பண்டேஜ் எனக்கு.

18, திங்கள்

காற்று. கடல் இரைச்சல் வீட்டுக்குள்ளும் கேட்டது.

வலது கையை மணிக்கட்டுவரை சுற்றிக்கொண்டு போனேன். சுடுதண்ணீர் பட்டுவிட்டது மாமி என்றேன். கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்துச் சுகமா இருந்த கை."

"ராவு பட்ட மாமி."

"கள்ளி."

சஹனை வைத்தேன். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிழையான வேலை பார்த்துவிட்டேனோ? மறுபடி கஞ்சிக்குப் போய்விட்டால்? மறுபடி குழாய்? கட்டை அவிழ்த்துவிடலாம் என்று கை போனது.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தார். வழக்கம்போல் கதவடியில், தோளில் பையோடு.

"என்ன பாத்துக்கு நிக்கிறாய்?" என்றார் மாமி. "இரி."

டீச்சர் உட்கார்ந்தார். மாமியின் இடது கை போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து மணந்தார்.

"சோக்குக்கட்டி மணக்குது. கழுவிட்டு வா."

டீச்சர் கிணற்றடிக்கு ஓடினார், பையையும் கழற்றாமல். ஈரக்கையோடு வந்தார். மாமி அந்தக் கையைப் பிடித்தார், கிள்ளவைத்தார், வாய்க்குக் கொண்டுபோனார். டீச்சருக்குக் கண் ஊற்றியது.

"அழுகையைப் பிறகு வெச்சுக்க. ஆணம் ஆறுது."

நான் எழும்பி மெல்ல வெளியே போகப் பார்த்தேன். மாமி திரும்பாமலே சொன்னார்:

"ஸித்தி, கையில சுத்தின அந்தச் சீலையை அவிழ்த்துப் போட்டுட்டு வந்து இரி. சஹன்ல இன்னும் இடம் கிடக்கு."