அனல்மின் நிலையத்துக்காரர் கொண்டுவந்த வேலை

அன்பு மகன் யதீஷுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இருமலைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, மஸ்கட் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எந்தப் பேச்சு யார் காதுக்குப் போகிறதென்று இப்போது தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஹெலன் லீவு முடிந்து அங்கே வருகிறாள், உறையை ஒட்டி அவள் கையில் கொடுக்கிறேன், பிரித்த மாதிரி இருந்தால் சொல்.

மின்நிலையத்தில் இன்னும் இரண்டு உலை கட்டப் போகிறார்கள். இருக்கிற புகைக்கே நம் மல்லிகை மொட்டு கறுத்து உதிர்கிறது, கிணறு உப்புக் கரிக்கிறது. தேர்தலுக்கு முன்னால் நம் வீட்டில் நீர்தோசை தின்றுகொண்டே "வாரிஜக்கா, இன்னொரு செங்கல் வைக்க விடமாட்டேன்" என்ற எம்.எல்.ஏ. இப்போது வளர்ச்சி வேண்டும் என்கிறார். அவர் கிடக்கட்டும். போராட்டத்தில் முன்னால் நின்று கத்திய என் தம்பி, உன் தனியப்பா மாமா, திடீரென்று கம்பெனி அதிகாரி ரகுவீரை வீட்டுக்கே கூட்டி வந்தான். அவர் கை கூப்பி, "உங்க பையன் அங்க எதுக்கும்மா கஷ்டப்படணும்? டிசம்பர்ல காண்ட்ராக்ட் முடியுதாமே, இங்கயே வேலை இருக்கு, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மறுவாரம் கருத்துக் கேட்புக் கூட்டம், பெண்கள் சார்பில் பேச வேண்டியவள் நான். ரகுவீர் அந்தக் கூட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிசம்பர் விஷயம் நம் மூன்று பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? தான் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்பா சத்தியம் செய்கிறார். தம்பியைக் கேட்டால், "நல்லது நடக்கறப்ப போலீஸ் மாதிரி விசாரிக்காதக்கா" என்று சிரித்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

கூட்டத்தன்று காலையில் அப்பா, "பையன் வீட்டுக்கு வர்றது உனக்குப் பிடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். பிடிக்காமலா உன் அறையைத் தினமும் பெருக்குகிறேன்? பந்தலில் பாதிப் பேர் பஸ்ஸில் வந்து இறங்கிய வெளியூர் முகங்கள். என் பேரைக் கூப்பிட்டதும் ரகுவீர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையசைத்தார். புகையை, கிணற்றை, அப்பாவின் இருமலைச் சொன்னேன். சொல்லக் கூடாதென்று வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன், "என் வாயை மூட என் மகனுக்கு வேலை தர்றாங்க. உங்க வீட்டுக்கும் வந்தாங்களா?" பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டுக்கும் வந்தாங்க" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். எல்லாம் பதிவாகிவிட்டது என்று கூட்டம் நடத்தியவர்கள் சொன்னார்கள், எப்படிப் பதிவாகியிருக்கிறதோ.

மறுநாள் ரகுவீர் போன் செய்தார். கோபிப்பார் என்று பார்த்தால், "பேசினது உங்க உரிமைம்மா, வேலை அப்படியேதான் இருக்கு, பையன்கிட்ட பேசிட்டுதான் இருக்கோம்" என்கிறார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அவர்களோடு பேசினாயா, யதீஷ்? பொய்யென்றால் பொய்யென்று சொல். உண்மையென்றாலும் சொல், திட்ட மாட்டேன். அந்த வேலைக்கே வந்தாலும் உனக்குத் தட்டு வைப்பேன். ஆனால் மின்நிலைய வாசலில் நாங்கள் மறியலுக்கு உட்காரும்போது நீ உள்ளே இருப்பாய், வெளியே நான் இருப்பேன். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்.

உப்பில் போட்ட பலாச்சுளை ஹெலனிடம் கொடுத்திருக்கிறேன், நன்றாக ஊறவைத்து உப்பெடுத்துச் சமை. எதிலும் கையெழுத்துப் போடாதே. நம் குடும்பத்துப் பஞ்சுர்லி தெய்வம் உன் கூடவே நடக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா வாரிஜா