முகம் காட்டி வளர்த்த பருந்து

என் உயிர் ராத்தாவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதுகிறேன். உம்மா விழித்துக்கொண்டால் இதைக் கிழித்து முழுங்க வேண்டியதுதான். நான் செய்த தப்பை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

மாட்டுங்காவில் மரம் வெட்டும்போது கூட்டோடு விழுந்தது என்று டிபன் பையில் ஒரு பருந்துக்குஞ்சு கொண்டுவந்தாயே, பஞ்சு மாதிரி. இப்போது அது இறக்கை விரித்தால் பட்டறை மாடிக் கூண்டு கொள்ளவில்லை. உனக்குக் காய்ச்சல் கண்டபோது அதற்கு ஒழுங்காக இறகுகூட முளைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் நீ அதைப் பற்றித்தான் சொன்னாய். "ஏட்டி, தீனி வைக்கையில மூஞ்சிய மூடிக்கோ. பேசிராத. ஒரு கைய நம்புச்சுன்னா எல்லாக் கையையும் நம்பிரும்." நீ கறுப்புத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இடுக்கியில் கறித்துண்டை நீட்டுவாய். உன் முகம் எப்படி இருக்கும் என்றே அதற்குத் தெரியாது.

நான் மூடவில்லை, ராத்தா. நீ மவுத்தாகி அடக்கமான பிறகு அந்தத் துப்பட்டாவைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டேன். அதில் உன் எண்ணெய் வாசம் இருக்கிறது. கறிவாடை பட்டால் போய்விடுமே. முதலில் கூண்டுப் பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்தேன். அப்புறம் பேச ஆரம்பித்தேன். உன் பேரை எடுத்தாலே உம்மா அழுகிறாள். நான் வேறு யாரிடம் பேச?

நேற்று ஜும்மா முடிந்து வந்து வாப்பா கூண்டைத் திறந்தார். பறந்தது ராத்தா. மற்ற பருந்துகள் சுற்றுகிற உயரத்துக்கே போனது. பிறகு கீழே இறங்கி, பக்கத்து மாடியில் தோல் உலர்த்திக்கொண்டிருந்த ஆளின் தோளில் உட்கார்ந்தது. அவர் பதறிக் கம்பால் அடித்தார். அப்போதும் அது போகவில்லை. அவர் கையையே பார்த்து வாயைத் திறந்தது.

அதற்கு ஒரு நகம் பெயர்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தபோது வாப்பா சிரித்தார். "ஒன்னய மாதிரியே இதுவும் வாசலத் தாண்ட மாட்டேங்கு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் கடை வைத்திருக்கும் ஒருவர் அதைக் கேட்கிறாராம், காலில் சங்கிலி போட்டு வாசலில் நிறுத்த. அடுத்த வெள்ளி திறந்துவிட்டும் திரும்பி வந்தால் கொடுத்துவிடலாம் என்கிறார் வாப்பா. இதற்கு முன் நீ வளர்த்துப் பறக்கவிட்ட பறவை எதுவும் இப்படி ஆனதில்லையே.

ஒரு வாரத்தில் ஒரு முகத்தை மறக்க முடியுமா? நீ இருந்தால் என்ன செய்வாய்? என்னை அடிப்பாயா?

இன்று என் காலடி கேட்டதும் கம்பி ஓரத்துக்கு வந்து நின்றது. நான் ஒன்றும் பேசவில்லை. தலையைச் சாய்த்து, காத்துக்கொண்டே இருந்தது. அதனிடம் சொல்லாததைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

விடிந்ததும் தலையணை உறையிலிருந்து துப்பட்டாவை எடுத்துவிடுவேன். முகம் தெரியாமல் போர்த்திக்கொள்வேன். அது எவ்வளவு கத்தினாலும் வாய் திறக்க மாட்டேன். பக்கத்தில் வந்தால் தகர டின்னைத் தட்டி விரட்டுவேன். உன் வாசம் போய்விடும், ராத்தா. போகட்டும். என்னைப் பார்த்து அது பயப்படும்வரை விடமாட்டேன்.

இனி உன்னிடம் மட்டுமே பேசப்போகிற
உன் தங்கச்சி