பறவை இறந்ததாக நான் சொன்ன செய்தி

அக்கா,

அந்த நாவலைக் கடைசிப் பக்கம் வரை நீங்கள் படித்து முடித்திருக்கிறீர்கள். இது நேற்று மாலை உறுதியானது. சொன்னவர் உங்கள் மகள். கெலுகோர் வீட்டில் உங்கள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது புத்தகம் கிடைத்ததாகச் சொல்லி என்னை வரச் சொல்லியிருந்தார். நம் பத்திரிகையின் பழைய பக்க நகல் ஒன்றை மடித்து நீங்கள் போட்ட உறை அப்படியே இருக்கிறது. திறந்ததும் நீங்கள் நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை வந்தது.

"அம்மா இதப் படிச்சு முடிச்சாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"முடிச்சாங்க மாமா. வார்டுலதான். நான் பக்கத்துலயே இருந்தேன்."

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. இந்த ஒரு விவரத்தைக் கேட்க இத்தனை நாளாகத் துணிவு வரவில்லை. நீங்கள் முடிக்காமல் போயிருந்தால் அதற்குக் காரணம் நான்.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், நீங்கள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இயந்திரத்தோடு இணைந்து கிடக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் சுவரிலிருந்த தொலைக்காட்சியையும் அதன் மேலிருந்த கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தீர்கள். பிறகு சௌராஸ்டா சந்தை மாடியிலிருக்கும் பழைய புத்தகக் கடையில் இதை வாங்கி வந்தீர்கள். ஆங்கில நாவல். பதின்ம வயதினருக்கான மாயக்கதை வரிசையில் முதலாவது. தீவுகள் மட்டுமே உள்ள ஓர் உலகம். அதில் படகோட்டி ஒருவரின் பதினைந்து வயது மகள். மனிதர்களை முதுகில் சுமந்து தீவுக்குத் தீவு பறக்கும் ஒரு கிழட்டுப் பறவை. அது அந்தப் பெண்ணோடு மட்டும்தான் பேசும். பாதி வழியில் யாரைச் சுமக்கிறோம் என்பதை மறந்தும்விடும்.

"தம்பி, இந்தப் பறவைக்கு வாய் ஜாஸ்தி" என்று தொலைபேசியில் சிரித்தீர்கள். "நம்ம பழைய எடிட்டர் மாதிரி எல்லாத்துக்கும் ஒரு குறை சொல்லுது."

ஒருமுறை ஊசி போட வந்த தாதி அட்டையைப் பார்த்துவிட்டார். "ஆன்ட்டி, இது சின்னப் பிள்ளைங்க படிக்கிற புக் லா!"

"ஊசி குத்துறப்ப மட்டும் நான் பெரிய பிள்ளையா? கைய ஆட்டாம குத்தும்மா."

உறை போட்டது அதற்குப் பிறகுதான். புத்தகத்தை வீட்டில் தொடுவதில்லை என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டீர்கள். ஒரு நாளைக்கு இரண்டே அத்தியாயம், அதுவும் இயந்திரத்தோடு இருக்கும்போது மட்டும். "செவ்வாய்க்கெழம எப்ப வரும்னு இருக்கு தம்பி" என்றீர்கள். அந்த நாற்காலிக்குப் போக யாரும் நாள் எண்ணி நான் கேட்டதில்லை.

அந்த விதியைக் கெடுத்தவன் நான். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் உங்களைப் பார்க்க வந்தேன். நீங்கள் கண்ணயர்ந்திருந்தீர்கள். புத்தகம் போர்வைமேல் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் முடிவு என்ன என்று முதலில் பார்ப்பது நிருபனான என் பழக்கம். நாளைக்கு எழுதும் செய்தியின் முதல் வரி அங்கேதான் இருக்கும். கடைசிப் பக்கத்தில் தீப்பிடித்து எரிந்த ஒரு பாறை, அதன்மேல் பறவையின் காலியான கூடு. அந்தப் பெண் அங்கே கிடந்த ஓர் இறகை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு தனியாகக் கீழே இறங்குகிறாள். நீங்கள் கண் விழித்ததும் செய்தியைச் சொன்னேன்.

"அக்கா, பறவை கடைசியில செத்துருது."

"யார் சொன்னது?"

"கடைசிப் பக்கம்."

"வீட்டு ஆளுங்கள கேட்டியா?"

அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பத்திரிகை அலுவலகத்தில், செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டும் மேசையில் முப்பது ஆண்டு நீங்கள் கேட்ட கேள்வி. யாருடைய மரணச் செய்தியாக இருந்தாலும் வீட்டு ஆட்களில் ஒருவர் வாயால் சொல்லாமல் அதைப் பக்கத்தில் ஏற்ற மாட்டீர்கள். ஒரு தடவை, துறைமுகத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இறந்துவிட்டதாக நானே எழுதிக் கொடுத்தேன். சொன்னவர் அவருடைய நெருங்கிய நண்பர். அச்சுக்கூடத்தார் கத்திக்கொண்டிருக்க, நீங்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தீர்கள். எடுத்தவர் அவரேதான். "என்னம்மா வேணும், நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்த இடத்தில் மறுநாள் ஒரு பால்மாவு விளம்பரம் வந்தது. அதன் பிறகு உறுதியாகாத மரணம் எதையும் நான் எழுதியதில்லை. நாவலில் வரும் பறவைக்கும் அந்த விதி பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தீர்கள். "செத்துப்போற பறவைகூட நான் எதுக்கு இன்னும் ஒரு மாசம் சுத்தணும்? இங்க சுத்தி இருக்கறவங்க பத்தாதா?" குரலில் கோபம் இல்லை. பக்கத்து நாற்காலியில் சென்ற வாரம் வரை இருந்த சீனப் பெரியவரின் இடத்தில் வேறொருவர் படுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தீர்கள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். புத்தகம் எங்கே என்று கேட்டேன். "வீட்ல இருக்கு" என்றீர்கள். அவ்வளவுதான்.

நான் புதிய பிரதி ஒன்றை வாங்கினேன். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நோக்கம் அது மட்டும்தான். இரண்டு நாளில் மேலோட்டமாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு நாள் ஆயிற்று. நாலாம் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணின் துடுப்பு உடைகிறது. பறவை தன் இறகுகளில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்து, இதை வைத்துத் துடுப்புப் போடு, ஆனால் யாரிடமும் சொல்லாதே, வழுக்கை என்று சிரிப்பார்கள் என்கிறது. அதைப் படித்தபோது சுங்கை பாக்காப்பில் ஒரு கூட்டத்துக்காக மண்டப வாசலில் காருக்குள் காத்திருந்தேன். கூட்டம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் உள்ளே போனேன். தலைவர் என்ன பேசினார் என்று இன்னொரு பத்திரிகை நண்பரிடம் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

தேடியது இருபத்தொன்றாம் அத்தியாயத்தில் கிடைத்தது. அந்த உலகத்தில் பறவை இறந்தால் அதன் இறகுகள் எங்கிருந்தாலும் உப்பாகிவிடும். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையில் இருப்பது இறகு. உப்பு இல்லை. எனவே பறவை உயிரோடிருக்கிறது. நான் சொன்ன செய்தி தவறு.

மறுநாளே உங்களிடம் வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டீர்கள்.

"என்ன, திருத்தம் போட வந்தியா?"

"ஆமாக்கா."

"தப்ப மொதப் பக்கத்துல பெருசாப் போடுவீங்க. திருத்தத்த மட்டும் பன்னண்டாம் பக்கத்துல, ராசி பலனுக்குக் கீழ." தாதியும் சிரித்தார். "சரி, காரணம் ஒண்ணும் சொல்லாத. இருக்கா, இல்லையா?"

"உயிரோட இருக்கு."

"எங்க இருக்கு அந்தச் செய்தி?"

"இருபத்தொண்ணாவது அத்தியாயம்."

"நானே போய்ப் பார்த்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த வாரக் கடைசியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது, வார்டில் சேர்த்தார்கள். நான் வந்த இரண்டு முறையும் நீங்கள் தூக்கத்தில் இருந்தீர்கள். மேசையில் மருந்தும் தண்ணீர்க் குவளையும் இருந்தன. புத்தகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. பிறகு உங்கள் மகள் அழைத்தார். உங்களைப் பற்றிய செய்தியை நானே எழுதினேன். வீட்டு ஆள் சொன்ன பிறகுதான் எழுதினேன்.

நேற்று அவர் மீதியைச் சொன்னார். வார்டுக்குப் போகும்போது புத்தகத்தை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்களாம். இரண்டு அத்தியாயக் கணக்கெல்லாம் அங்கே இல்லை. விழித்திருந்த நேரமெல்லாம் படித்தீர்களாம். தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டதால்தான் எனக்குத் தெரியவில்லை. முடித்த அன்று நல்ல தெளிவோடு இருந்தீர்களாம், ஒரு பாதி இட்லியும் சாப்பிட்டீர்களாம்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"உங்களப் பத்திதான் சொன்னாங்க மாமா. எனக்குத்தான் ஒண்ணும் புரியலை. 'அவன் மொதத் தடவையும் தப்பு, ரெண்டாவது தடவையும் தப்பு. கைய அளந்து பாக்கச் சொல்லு' அப்படின்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் எனக்கு மறந்தே போச்சு மாமா, சாரி."

வீட்டுக்கு வந்து என் பிரதியை எடுத்தேன். துடுப்பு உடையும் அந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. பறவையின் மிகச் சிறிய இறகே அந்தப் பெண்ணின் கையைவிட நீளம் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அவள் எடுக்கும் இறகோ மூடிய விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது. அது கிழட்டுப் பறவையின் இறகாக இருக்க முடியாது. அந்தக் கூட்டில் இன்னொரு பறவை இருந்திருக்கிறது. சிறியது, அது உயிரோடிருக்கிறது. துடுப்பாக இருந்த இறகு அதற்கு வெகு முன்பே கடலோடு போய்விட்டது. கிழட்டுப் பறவை இருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்த நாவலில் எந்த ஆதாரமும் இல்லை. காருக்குள் சிரித்துக்கொண்டே அந்த அத்தியாயத்தைப் படித்தவன் நான். பக்கத்தின் அகலத்தையும் எழுத்தின் உயரத்தையும் கண்ணாலேயே அளந்த நீங்கள் இறகையும் அளந்துவிட்டீர்கள்.

உங்களிடமிருந்து ஒரு நாவலைப் பறித்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு மூன்று மாதம் இருந்தேன். அது பறிபோகவில்லை. நான் தெரிந்துகொண்டதைவிட அதிகமாகவே அதில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தவறாகச் செய்தி சொன்னவனை நினைத்துச் சிரிக்கவும் உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. இதை எழுதி வைப்பதற்காகத்தான் இந்த மடல்.

புத்தகத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. உங்கள் மகள் அதை நேற்றிரவே படிக்கத் தொடங்கிவிட்டார். இன்று காலை ஏழாம் அத்தியாயத்திலிருந்து அழைத்தார். "மாமா, இந்தப் பறவைக்குக் கடைசியில ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியாதும்மா" என்றேன்.

"நீங்கதான் முழுசாப் படிச்சிட்டீங்களே!"

"படிச்சேன். தெரியல."

நான் விளையாடுவதாக நினைத்து அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நீங்கள் முதல் நாவலை முடித்தீர்களா என்று தெரியாததால் அந்த வரிசையில் இரண்டாவதை நான் இதுவரை எடுக்கவில்லை. இன்று பத்து மணிக்குக் கடைக்காரரிடம் கேட்டேன். கையிருப்பு இல்லை, வெள்ளிக்கிழமை பிற்பகல் வரும் என்கிறார். இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பறவையின் நிலை அதுவரை உறுதியாகவில்லை.