இரண்டு வாழைப்பழம் குறைந்த பல்சில்லு

கல்யாணம் கட்டிய நாள் முதல் ஒருமுறையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் ‘இஞ்சாருங்கோ’வுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நேற்று முடிந்தது. உங்களைப் புகழ்ந்து பாடிய கல்வெட்டுப் புத்தகமும் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. அதில் உங்களைப் பொறுமைசாலி, பிறர் சொல் கேட்டு நடந்த பண்பாளர் என்று யாரோ ஒரு புலவர் பாடியிருக்கிறார். முப்பத்தொரு நாளாக அழுதுகொண்டிருந்த நான் அதை வாசித்துவிட்டுத்தான் முதன்முதலாகச் சிரித்தேன். செத்தவர்களுக்காகப் பொய் சொல்லலாம், சரி. அதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

கந்தோரில் ஓய்வுபெற்ற மறுநாளே உங்களுக்குத் தெய்வேந்திரமுனை வரை சைக்கிளில் போகும் ஆசை வந்தது. பண்டத்தரிப்பிலிருந்து இலங்கையின் மறு அந்தத்துக்கு! போங்கள் என்றுதான் நானும் சொன்னேன். வினை வந்தது பெடலோடு சேர்ந்து சுற்றுகிற அந்தப் பல்சில்லில்தான். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சைக்கிள் கடைச் செல்வம் இரும்பில் ஒன்றும் அலுமினியத்தில் ஒன்றும் காட்ட, நீங்கள் இரண்டையும் வாங்கி வந்து என் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்கள். இரண்டு இதரை வாழைப்பழம்தான் வித்தியாசம்.

“இரும்பையே போடுங்கோ. தூர ஓட்டத்துக்கு அதுதான் நிண்டு பிடிக்கும். என்ரை சைக்கிளிலை முப்பது வருசம் பள்ளிக்கூடம் போய் வந்தனான், ஒரு பல்லுத் தேயேல்லை. பாரம் குறைய வேணுமெண்டால் காலமை ரெண்டு வாழைப்பழத்தைக் குறையுங்கோ.”

“இஞ்சரும், நீர் கணக்குப் படிப்பிச்சனீர். இது வேறை. உமக்கு உதெல்லாம் விளங்காது.”

இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்ற உங்கள் வயிற்றைப் பார்த்தேன். அதைக் கழற்றி வைக்க வழியில்லாதபடியால் இரும்பைக் கழித்து வைத்தீர்கள்.

அலுமினியத்தைப் பூட்டி ஒரு வருடம் கொழும்புத்துறைக் கடற்கரை வரை ஓடிப் பழகினீர்கள். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அரம் போல அராவும் என்பது உங்களுக்குத் தெரியாதா? புறப்படுவதற்கு முதல்நாள் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்ததைத் தொட்டுக் காட்டினேன். இரும்புச் சில்லு அலுமாரிக்கு மேலே புதிதாகக் கிடந்தது. மாற்ற அரை மணித்தியாலம் போதும். மாற்றினால் நான் வென்றதாகிவிடும், அதுதானே?

புறப்பட்ட அன்று நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கத்தக்கதாக வாசல் படலையில் நின்று சொன்னேன். “பல்லுத் தேய்ஞ்சு வழியிலை தள்ளிக்கொண்டு நிண்டால் எனக்கு மட்டும் போன் எடுத்துப்போடாதேங்கோ!” நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள்.

மறுநாள் மாங்குளம் தாண்டி, மத்தியான வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன நீங்கள் ஒரு மரத்தடியில் இருந்தீர்கள். பிறகு எழும்பவில்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார் டொக்ரர். அது பஸ் போய்வருகிற கண்டி வீதி. ஒரு கையை நீட்டியிருந்தால் சைக்கிளோடு ஏற்றியிருப்பார்கள். உங்கள் போனை என்னிடம் தந்தபோது அதில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. கடைசி அழைப்பு செல்வத்துக்குப் போயிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். அது இதுவாகத்தானா இருக்க வேண்டும்?

நேற்று செல்வம் வந்தான். சாப்பிடச் சொல்லியும் இருக்காமல் தூணோடு நின்றான்.

“ரீச்சர், அண்டைக்கு அண்ணை எனக்குத்தான் எடுத்தவர். மிதிக்க மிதிக்கச் செயின் நழுவுதாம். பஸ்ஸிலை போட்டுக்கொண்டு வாங்கோ எண்டன்.”

“அதுக்கு என்ன சொன்னவர்?”

“வீட்டை வந்தால் அவ சிரிப்பா, புளியங்குளம் மட்டும் தள்ளுறன், அங்கை ஒரு கடை இருக்கும் எண்டவர்.”

சிரித்துத்தான் இருப்பேன். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பீர்கள். மூன்றாம் நாள் தேத்தண்ணி கேட்டு வந்திருப்பீர்கள். உங்களைக் கொன்றது என் வாயா, உங்கள் வீம்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

செருப்பு, குடை, பாய் எல்லாம் குருக்களுக்குத் தானம் கொடுக்கிற நேரம் உங்கள் அக்கா ஆரம்பித்தா. “அவன்ரை சைக்கிளையும் குடுத்துவிடும் மச்சாள். போற வழிக்கு உதவும்.”

“உந்தப் பல்லோடை குடுத்தால் அங்கையும் தள்ளிக்கொண்டுதான் போவார்” என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. பார்க்கட்டும். அலுமாரிக்கு மேலே கிடந்த இரும்புச் சில்லை நானே எடுத்து வந்து செல்வத்திடம் கொடுத்தேன். பூசை சாமான்களுக்கு நடுவில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, புதுச் செயினும் போட்டு, அவன் பூட்டி முடிக்கும் வரை குருக்கள் விசிறிக்கொண்டு காத்திருந்தார். பிறகு அதில் ஏறிப் போனார். எங்கள் ஒழுங்கையின் கடைசி வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். செயின் நழுவவில்லை.

நான் சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்கொள்ள நீங்கள்தான் இல்லை.

நீங்கள் போகிற வழியில் வெயில் எப்படியோ, கடை ஏதும் இருக்குமோ தெரியாது. ஏதாவது பழுதென்றால் எனக்கு எடுங்கள். படலையில் சொன்னதை மறந்துவிடுங்கள். சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் முதல் மணியிலேயே எடுப்பேன்.

உதெல்லாம் விளங்காத,
உங்கள் மனைவி